கேப்பில் சித்திரைப் புழுதி தங்கம் அல்ல

"சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். கோடை மழை ஒன்று விழுந்ததும் நிலத்தை உழுது காயப் போட்டால், அடுத்து விதைக்கும் பயிர் பெரிதாக எரு கேட்காமலே கருகருவென்று எழுந்து வரும். சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்தச் செழிப்பு எங்கிருந்து வருகிறது? மண்ணுக்குள் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த மட்கை உழவு திறந்துவிடுகிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்கின்றன. அதிலிருந்த தழைச்சத்து பயிருக்குப் போகிறது, கரிமம் கார்பன் டை ஆக்சைடாகிக் காற்றோடு போகிறது. கிடைப்பது தங்கம்தான், பழைய பெட்டியை உடைத்து எடுத்த தங்கம்.

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப்பில் சித்திரை பிறக்கும்போது கோடை முடிகிறது. பார்ல், ரீபெக் காஸ்டீல், ராபர்ட்சன் பக்கத்து ஆலிவ் தோப்புகளில் அப்போது அறுவடை நடந்துகொண்டிருக்கும். முதல் குளிர்கால மழைக்கு மண் வாய் பிளந்து காத்திருக்கும். இந்தச் சமயம் பார்த்துத்தான் பல தோப்புகளில் டிராக்டருக்குப் பின்னால் சட்டிக் கலப்பையை மாட்டுகிறார்கள். களை போகும், மழைநீர் இறங்கும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். கிழக்குக் கரையில் நட்டாலின் டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் தோட்டப் பயிர் செய்து பழகிய நம்மவர்களுக்கும் வரிசைக்கு நடுவே ஒரு புல் இல்லாமல் சீவி வாரியதுபோல் இருந்தால்தான் அது நல்ல தோட்டம். அந்தச் சுத்தத்துக்கு மண் எவ்வளவு கொடுக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உழப்படாத மண்ணை ஒரு பிடி எடுத்து உதிர்த்தால் கடுகும் மிளகுமாகக் குருணை குருணையாக உதிரும். 250 மைக்ரானுக்கு, அதாவது கால் மில்லிமீட்டருக்கு, மேலே இருப்பவற்றைப் பெருந்திரள் என்று வைத்துக்கொள்வோம். பூஞ்சை இழைகளும் நூல்போன்ற வேர்களும் சேர்த்துக் கட்டிய பொட்டலங்கள் அவை. உள்ளே அரைகுறையாக மட்கிய இலைத் துணுக்கும் வேர்த் துணுக்கும் இருக்கும். அந்தத் துணுக்குகளைச் சுற்றிக் களிமண் ஒட்டி, இன்னும் சிறிய நுண்திரள்கள் உருவாகிக்கொண்டிருக்கும். உள்ளே ஆக்சிஜன் குறைவு. நுண்ணுயிர் நுழைய வழி குறைவு. கரிமம் பத்தாண்டு, ஐம்பதாண்டு என்று தங்குவது இந்த மறைவினால்தான். சட்டிக் கலப்பையின் தட்டு பொட்டலத்தை அறுக்கிறது. ரோட்டவேட்டர் இன்னும் மோசம். அது பொட்டலத்தை மாவாக்கிவிடும். நுண்திரள் ஒன்று முழுதாக உருவாகப் பெருந்திரள் சில மாதங்களாவது உடையாமல் இருக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை உழுகிற தோப்பில் அதற்கு நேரமே கிடைப்பதில்லை. பழைய கரிமம் போகிறது என்பது பாதி நஷ்டம். புதிதாக விழும் இலையும் வேரும் பூட்டப்படாமலே எரிந்துபோவது மீதிப் பாதி. இந்த இரண்டாவது பாதியைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேப்பின் தட்பவெப்பம் இதற்கு எண்ணெய் ஊற்றுகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் ஒரேயடியாக விழித்துக்கொண்டு மூச்சு விடும். கென்யாவில் பணியாற்றிய பர்ச் என்ற மண்ணியலாளர் 1958இல் இதை விளக்கி எழுதியதால் இதற்குப் பர்ச் விளைவு என்றே பெயர். உழாத மண்ணிலும் இது நடக்கும், இயற்கைதான். ஆனால் மழைக்கு ஒரு வாரம் முன்னால் திரள்களை உடைத்துப் போட்டுவிட்டால், பந்தி விரித்து வைத்துவிட்டு ஊரைக் கூப்பிட்ட கதைதான். தமிழ்நாட்டில் கோடை உழவுக்குப் பின் வரும் மழையில் விதைத்த பயிர் அந்தத் தழைச்சத்தை உடனே பிடித்துக்கொள்ளும். ஆலிவ் மரமோ குளிர்காலத்தில் ஏறக்குறைய உறங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் விடுபடும் நைட்ரேட்டில் கணிசமான பகுதி ஜூன், ஜூலை மழையில் வேருக்குக் கீழே கழுவிப் போகும். பழமொழி சொல்லும் தங்கம் இங்கே மரத்துக்கும் கிடைப்பதில்லை, மண்ணிலும் நிற்பதில்லை.

சரிவில் இருக்கும் தோப்புக்கு இன்னொரு கேடும் உண்டு. உழவே மண்ணைக் கீழே தள்ளும். மழையே பெய்யாவிட்டாலும், சரிவில் மேலிருந்து கீழாக ஓட்டும்போது கலப்பை மண்ணைத் தள்ளும் தூரம், கீழிருந்து மேலாக ஓட்டும்போது தள்ளும் தூரத்தைவிட அதிகம். ஆண்டுக்கு ஆண்டு மேட்டு மரங்களின் வேர்க்கழுத்து வெளியே தெரியும், பள்ளத்து மரங்கள் கழுத்துவரை புதையும். கரிமம் அதிகமுள்ள மேல்மண்தான் நகர்கிறது. மேட்டில் மட்டும் மாதிரி எடுத்தால் பெரிய இழப்பு தெரியும், பள்ளத்தில் எடுத்தால் லாபம்போலத் தெரியும். இரண்டும் பாதி உண்மை.

தென்னாப்பிரிக்க மண்களில் சுமார் 58 விழுக்காடு, அரை விழுக்காட்டுக்கும் குறைவான கரிமம் கொண்டவை. 2 விழுக்காட்டுக்கு மேல் உள்ளவை 4 விழுக்காடுதான். வறட்சியும் வெப்பமும் பாதிக் காரணம். மீதி நாம் செய்தது. கையிருப்பே குறைவாக இருக்கும் இடத்தில் அரை டன் இழப்பும் பெரிது.

நட்டாலில் இருப்பவர்கள் இதற்கான சான்றைத் தேடி ஸ்பெயினுக்குப் போக வேண்டியதில்லை. மவுண்ட் எட்ஜ்கோம்ப் என்றதும் நம்மில் பலருக்கு ஈஸ்டர் காலத்து மாரியம்மன் திருவிழாதான் நினைவுக்கு வரும். அதே ஊரில், கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், 1939இல் தொடங்கிய ஒரு பரிசோதனை வயல் இருக்கிறது. பெயர் பி.டி.1. வெட்டுவதற்கு முன் கரும்பைக் கொளுத்துவது ஒரு பக்கம், கொளுத்தாமல் வெட்டிச் சோகையை மூடாக்காகப் பரப்பி விடுவது மறுபக்கம், உரமிட்டும் இடாமலும். கொளுத்திய பாத்திகளிலும் கொழுந்தாடையை விட்டுவைப்பது, அகற்றிவிடுவது என்று பிரிவு உண்டு. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்து மண்ணைப் பார்த்தபோது சோகை கிடந்த பாத்திகளில் கரிமம் கூடியிருந்தது; ஆனால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மேல் 10 செ.மீ.க்குள்தான். ஆலிவ் தோப்புக்கு இதில் இரண்டு பாடங்கள் உண்டு. மேலே என்ன விழுகிறது என்பதுதான் கரிமத்தைத் தீர்மானிக்கிறது. கூடியது எந்த ஆழத்தில் என்று பார்க்காமல் கூடிவிட்டது என்று சொல்லக்கூடாது.

முதல் பாடத்தைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் நிறைய. உழவை நிறுத்திவிட்டேன், களைக்கொல்லி அடித்து மண்ணை வெறுமையாக வைத்திருக்கிறேன், ஆகவே கரிமம் சேர்கிறது என்கிறார்கள். சேராது. உடைப்பதை நிறுத்தினாலும் போடுவதற்கு எதுவும் இல்லையே. அதோடு வெற்று மண்ணின் மேல் மழைத்துளி அடித்து அடித்து ஒரு தோல் கட்டும். தண்ணீர் இறங்காமல் ஓடும். ஸ்பெயினின் அந்தலூசியாவில் சரிவுத் தோப்புகளில் உழவு, உழாத வெற்று மண், உயிர் மூடாக்கு (வரிசைக்கு நடுவே வளர்க்கும் பயிர்) மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒப்பீடுகளில் மண்ணரிப்பு மிகக் குறைவாக இருந்தது மூடாக்கில். உழாத வெற்று மண் உழுத மண்ணைவிடவும் மோசமாக இருந்த இடங்கள் உண்டு. மேற்குக் கேப்பில் இதற்கு மேலும் ஒரு சிக்கல்: கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லிக்கு அசையாத ரைகிராஸும் கொனைசாவும் இங்கே இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றன. களைக்கொல்லியை மட்டும் நம்பி உழவை விட்டவர் சில ஆண்டுகளில் அந்தக் களைகளாலேயே மறுபடி சட்டிக் கலப்பைக்குத் திரும்புகிறார். அப்போது சேர்ந்த கொஞ்சமும் போகும்.

எவ்வளவுதான் சேர்க்க முடியும்? 6 மீட்டருக்கு 4 மீட்டர் நட்ட தோப்பு என்று எடுத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 416 மரம். நடுவில் 4 மீட்டர் அகலப் பட்டையில் ஓட்ஸும், வெட்ச் என்ற பயறு வகைக் கொடியும் வளர்க்கிறோம். அந்தப் பட்டையில் ஹெக்டேர் கணக்கில் 4 டன் உலர்தழை வந்தால், பட்டை தோப்பின் 3இல் 2 பங்கு என்பதால், தோப்பு ஹெக்டேருக்கு 2.7 டன், அதில் கரிமம் 42 விழுக்காடு, அதாவது சுமார் 1.1 டன். கிளை வெட்டியது 2 டன் உலர் எடை என்றால் அதில் இன்னொரு 0.9 டன். ஆக 2 டன் கரிமம் தரையில் விழுகிறது. இதில் 10 முதல் 15 விழுக்காடு மண்ணில் நின்றால் நல்லது. மீதி நுண்ணுயிர்களின் மூச்சாகப் போகும். கைக்கு மிஞ்சுவது ஆண்டுக்கு 0.2 முதல் 0.3 டன். வேரின் பங்கை இதில் சேர்க்கவில்லை. மண்ணுக்குள்ளேயே செத்து மட்கும் வேரின் கரிமம் மேலே விழும் தழையைவிட அதிக நாள் நிற்கும் என்பதால், வெட்டிப் போட்ட வைக்கோலை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டுவதைவிட அங்கேயே ஒரு பயிரை வளர்ப்பது மேல். மண்ணின் கரிமத்தை ஆண்டுதோறும் ஆயிரத்தில் நான்கு பங்கு கூட்டுவது என்று 2015இல் பாரிஸில் அறிவித்த 'ஆயிரத்துக்கு நான்கு' திட்டத்தின் அளவுகோலில், 45 டன் கரிமம் உள்ள ஹெக்டேருக்கு ஆண்டு இலக்கு 0.18 டன். ஆகவே இது எட்டாத கனி அல்ல. ஆனால் ஆண்டுக்கு 2 டன், 3 டன் கரிமம் பூட்டித் தருகிறோம் என்று விற்பவர்களைக் கண்டால், எரு எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். அடுத்த பண்ணையின் கரிமத்தை லாரியில் ஏற்றி வந்து இங்கே கொட்டுவது இடமாற்றம்தான், சேமிப்பு அல்ல. ஆலிவ் ஆலையின் பிழிவுச் சக்கை வேறு விஷயம். எங்கோ குழியில் கிடந்து அழுகி மீத்தேன் விடப்போவதைக் கிளறி மட்க வைத்துத் தோப்புக்கே திருப்பித் தருவது உண்மையான ஆதாயம்.

இந்த இடத்தில் தழைச்சத்தின் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். மண்ணில் நிலைத்த மட்கில் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 12க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். 1 டன் கரிமம் நிலைக்க வேண்டுமானால் 80 கிலோவுக்கு மேல் தழைச்சத்து அதோடு பூட்டப்படும். ஆலிவ் கிளைத்தூளில் அது மிகக் குறைவு. தூளை மட்டும் கொட்டினால் நுண்ணுயிர் மண்ணிலிருந்து தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், மரம் வெளுக்கும், பண்ணைக்காரர் "மூடாக்கு ஆகாது" என்று முடிவு கட்டுவார். அதனால்தான் ஓட்ஸோடு வெட்ச். பயறு வகை இல்லாத மூடாக்கு பாதி மூடாக்கு.

அளவு எடுப்பதில்தான் பெரும்பாலான கரிமக் கதைகள் கந்தலாகின்றன. சூத்திரம் எளிது: ஒரு கிலோ மண்ணில் எத்தனை கிராம் கரிமம், அதை மண்ணின் பருமஅடர்த்தியால் (ஒரு கன செ.மீ. மண்ணின் உலர் எடை, கிராமில்) பெருக்கி, ஆழத்தைச் செ.மீ.யில் பெருக்கி, 10ஆல் வகுத்தால் ஹெக்டேருக்கு டன். கிலோவுக்கு 10 கிராம், அடர்த்தி 1.5, ஆழம் 30 செ.மீ. என்றால் 45 டன். உழவை நிறுத்தி ஐந்தாண்டு ஆனதும் மண் கொஞ்சம் அமர்ந்து அடர்த்தி 1.6 ஆகும். கரிமம் அதே 10 கிராம்தான். கணக்கு இப்போது 48 டன் காட்டும்! ஒரு துளி கரிமம்கூடச் சேராமல் 3 டன் லாபம். பக்கத்துத் தோப்பில் நேற்று உழுதிருந்தால் அங்கே அடர்த்தி 1.2; அவர் கணக்கில் 36 டன்; ஒரே இரவில் 9 டன் போனதாகத் தெரியும். இரண்டும் பொய். ஒரே ஆழத்தை ஒப்பிடக்கூடாது, ஒரே எடை மண்ணை ஒப்பிட வேண்டும். முதல் ஆண்டில் 30 செ.மீ.க்குள் ஹெக்டேருக்கு 4500 டன் மண் இருந்தது என்றால், ஐந்தாம் ஆண்டிலும் மேலிருந்து 4500 டன் வரைக்குமான கரிமத்தைத்தான் எண்ண வேண்டும். அது 28 செ.மீ.யிலேயே முடிந்துவிடும்.

மேற்குக் கேப்பின் ஸ்வார்ட்லாண்ட் பகுதியில், ஷேல் என்ற களிப்பாறை வழி வந்த மண்ணில், இதற்கு மேல் கல் தொல்லை. மண்ணில் பாதி கல்லாக இருக்கும் இடங்கள் உண்டு. ஆய்வகம் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துவிட்டுத்தான் கரிமம் பார்க்கும். கல்லின் பருமனைக் கழிக்க மறந்தால் இருப்பைப்போல் இருமடங்கு எழுதிவிடுவீர்கள். உலோக வளையத்தை அடித்து இறக்கி அடர்த்தி பார்ப்பது அந்த மண்ணில் நடக்காது; வளையம் கல்லில் மோதி வளையும். ஒரு குழி தோண்டி, எடுத்த மண்ணையும் கல்லையும் தனித்தனியாக எடை போட்டு, குழியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, விளிம்புவரை எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது என்று பாருங்கள். அதுதான் குழியின் கொள்ளளவு. மண்ணை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடை பார்த்து வகுத்தால் தீர்ந்தது. அலுப்பான வேலை, ஆனால் வேறு வழியில்லை.

எங்கே எடுப்பது என்பதும் முக்கியம். மரத்தடியில் இலை விழுகிறது, சொட்டு நீர் விழுகிறது, கலப்பை போகாது. அங்கே கரிமம் எப்போதும் அதிகம். கணக்குக்காக, மரத்தடிப் பட்டையில் கிலோவுக்கு 16 கிராம், நடுப்பட்டையில் 9 கிராம் என்று கொள்வோம். மரத்தடி 2 மீட்டர், நடு 4 மீட்டர் என்றால் தோப்பின் உண்மையான சராசரி 11.3. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 12.5 வரும், மரத்தடியில் மட்டும் எடுத்தால் 16. ஆகவே இரண்டு பட்டைகளுக்கும் தனித்தனி வாளி, பிறகு பரப்பின்படி எடை போட்டுச் சராசரி. ஒவ்வொரு வாளிக்கும் 15 முதல் 20 துளைகள், அடுக்கு 0-10, 10-30, முடிந்தால் 30-60. மேல் 10 செ.மீ.யில் மட்டும் எடுப்பவர் உழாத தோப்புக்குச் சாதகமாகத்தான் முடிவு எழுதுவார்; உழவு மேல்மண்ணைக் கீழே புரட்டி அங்கே கொஞ்சம் கரிமத்தைப் புதைத்து வைத்திருக்கும் என்பது அவர் கண்ணில் படாது. 30க்குக் கீழேயும் பார்த்தால் உழவுக்கும் உழாமைக்குமான வித்தியாசம் சுருங்கிவிடுவது பல நாடுகளில் கண்ட உண்மை. மூடாக்கினால் வரும் வித்தியாசம் அந்த அளவு சுருங்குவதில்லை என்பது என் கட்சி.

ஆய்வகத்தில் வாக்லி-பிளாக் என்ற ரசாயன முறையா, உலர் எரிப்பு முறையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது கரிமத்தில் முக்கால் பங்கைத்தான் பிடிக்கும், கிடைத்த எண்ணை 1.3ஆல் பெருக்கி மீதியை ஈடு செய்வார்கள். இரண்டாவது முழுவதையும் எரித்துப் பார்க்கும். ராபர்ட்சன் போன்ற சுண்ணாம்பு மண்ணில் சுண்ணாம்பின் கரிமத்தையும் சேர்த்து எண்ணிவிடும், முன்பே அமிலத்தில் கழுவாவிட்டால். எந்த முறையானாலும் சரி, முதலிலும் கடைசியிலும் ஒரே முறை, ஒரே ஆய்வகம், ஒரே மாதம். ஐந்தாண்டில் நாம் எதிர்பார்ப்பது ஒன்றரை டன் கூடுதல், அதாவது 45இல் 3 விழுக்காடு சொச்சம். ஒரே மண்ணை இரண்டு முறை சோதித்தாலே அந்த அளவு வித்தியாசம் வரும். ஐந்தாண்டுக்கு முன்னால் வரும் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை.

இனி தோப்பில் செய்வது. மூடாக்கு என்றதும் நம்மவர் மனதில் வருவது சணப்பையும் தக்கைப்பூண்டும். அவை வெயிலில் வளர்பவை. கேப்பில் மழை வருவதோ குளிரில். இங்கே எடுபடுவது ஓட்ஸ், டிரிட்டிகேல், ரை போன்ற தானியங்கள், கூடவே வெட்ச். கிரானைட் வழி வந்த புளிப்பு மணலில் செரடெல்லா என்ற பயறு வகை வரும், மெடிக் என்ற பயறு வகை வராது. சுண்ணாம்பு மண்ணில் அப்படியே தலைகீழ். பயறு விதையோடு அதற்கேற்ற ரைசோபியம் என்ற வேர்முடிச்சு நுண்ணுயிரைக் கலந்து, அன்றே, வெயில் படாமல் விதைக்க வேண்டும். கலப்பு அளவு விதைக்கும் பரப்பில் ஹெக்டேருக்கு ஓட்ஸ் 50 கிலோ, வெட்ச் 25 கிலோ. நாம் எடுத்த தோப்பில் 3இல் 2 பங்குதான் விதைப்பதால் முறையே 33, 17 கிலோ போதும்.

விதைக்கும் நாள்தான் தகராறு. முதல் 20, 25 மி.மீ. மழை ஏப்ரல் கடைசியில் வரும். அப்போது தரையில் அறுவடை வலை விரிந்து கிடக்கும். எண்ணெய் வகைகள் ஜூன்வரைகூட இழுக்கும். அறுவடை முடியட்டும் என்று காத்திருந்து ஜூனில் விதைத்தால் குளிரில் முளை நகராது, களை முந்திக்கொள்ளும். முந்தி அறுவடையாகும் பகுதிகளில் விதைத்துக்கொண்டே போவது ஒன்று. இன்னொன்று, ஒருமுறை விதைத்துவிட்டு, அடுத்த ஆண்டு முதல் தானே விழுந்து முளைக்க விடுவது. அதற்காகப் பட்டையின் நடுவே ஒரு மீட்டர் அகலத்தை மடக்காமல் விதை முற்ற விட வேண்டும். விதைப்புக்கு உழவு தேவையில்லை. உழாமல் விதைக்கும் கருவி கிடைக்காவிட்டால், கையால் தூவி, முள் பரம்பை 2, 3 செ.மீ. ஆழத்தில் ஒருமுறை இழுத்தால் போதும். மேலே கிடக்கும் விதையைக் கினிக்கோழிகள் ஒரே காலையில் பொறுக்கிவிடும்.

மூடாக்குப் பயிரைக் கலைப்பது, அதாவது படுக்க வைத்துச் சாகவிடுவது, ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடுவரை. ஆலிவ் அக்டோபர், நவம்பரில் பூக்கும். அதற்குள் மண்ணின் ஈரம் மரத்துக்கு மட்டும் என்று ஆக வேண்டும். பசுந்தாளை மடக்கி உழுதுதான் நமக்குப் பழக்கம். அந்தக் கையை இங்கே கட்டிப்போட வேண்டும். உருளையால் தண்டை நசுக்கிப் படுக்க வைத்தால் போதும். ஓட்ஸ் பால்பிடிக்கும் பருவத்திலும் வெட்ச் முழுப்பூவிலும் இருந்தால்தான் உருளைக்கு மடங்கும். இளசாக இருக்கும்போது உருட்டினால் ஒரு வாரத்தில் நிமிர்ந்து நிற்கும். ராபர்ட்சன் பக்கம் ஆண்டு மழை 300 மி.மீ.க்கும் குறைவு, மானாவாரியாக இருந்தால் அந்தப் பருவத்துக்குக் காத்திருக்காமல் ஆகஸ்ட் நடுவிலேயே வெட்டிவிடுவது நல்லது. தழை ஒரு டன் குறையும், காய் தப்பும். 2015 முதல் 2018 வரையிலான வறட்சியில் மூடாக்கைக் குறை சொன்ன பலரும் உண்மையில் கலைக்கும் நாளைத் தவற விட்டவர்கள்.

கிளைத்தூளுக்கு ஒரே எச்சரிக்கை. வெர்டிசிலியம் வாடல் என்ற பூஞ்சை நோய் உள்ள மரத்தின் கிளையையும் இலையையும் தோப்பில் தூளாக்கிப் பரப்பாதீர்கள். வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். கரிமக் கணக்கு பார்க்கிற இடம் அது அல்ல. இதே நோயை உழவும் பரப்பும் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: கலப்பை மேல்வேரை அறுக்கும், அறுந்த வாயில் மண்ணிலிருக்கும் பூஞ்சை நுழையும், தட்டில் ஒட்டிய மண் அடுத்த வரிசைக்குப் போகும்.

மூடாக்கு தோப்பில் நான் அஞ்சுவது தீயைத்தான். டிசம்பரில் தென்கிழக்குக் காற்று எழும்போது நின்ற நிலையில் காய்ந்த ஓட்ஸ் தீப்பந்தம். படுத்த ஓட்ஸ் அவ்வளவு வேகமாக எரியாது. தோப்பின் வெளிவிளிம்பில் சில மீட்டர் அகலத்துக்கு வெறும் மண்ணாக ஒரு தடுப்பு வேண்டும். அங்கே உழுங்கள், தாராளமாக. நத்தை இளமரங்களில் தொல்லை கொடுக்கும். தண்டைச் சுற்றி ஒரு சாண் மூடாக்கை விலக்கினால் குறையும்.

உழவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நடுவதற்கு முன் ஒரு முறை, 80 செ.மீ.க்குக் குறையாமல் ஆழக் கிளறிச் சுண்ணாம்பும் மணிச்சத்தும் கலந்துவிடுவது மேற்குக் கேப்பின் புளிப்பு மண்ணில் தவிர்க்க முடியாதது. நட்ட பிறகு மேலே தூவும் சுண்ணாம்பு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் கீழே இறங்கும். "அகல உழுவதை விட ஆழ உழு" என்பதை அந்த ஒரு நாளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு வரும் சிக்கல் சக்கரத் தடம். மழைக்காலத்தில் அறுவடை வண்டி போய்ப் போய் 20, 25 செ.மீ. ஆழத்தில் மண் ஒரு தட்டுபோல் இறுகும். 10 மில்லிமீட்டர் இரும்புக் கம்பியை ஈரமண்ணில் கையால் அழுத்திப் பாருங்கள். ஒரே ஆழத்தில் எல்லா இடத்திலும் நின்றுவிட்டால் தட்டு இருக்கிறது. பிப்ரவரியில் மண் காய்ந்திருக்கும்போது உளிக் கலப்பையின் ஒற்றைக் காலைத் தடத்தில் மட்டும், ஒன்றுவிட்ட வரிசையில், இந்த ஆண்டு பாதி அடுத்த ஆண்டு பாதியாக இழுக்கலாம். உளி கீறும், புரட்டாது. ஐந்து பத்து ஆண்டுக்கு ஒருமுறை இப்படிச் செய்வதால் சேர்த்த கரிமம் எல்லாம் பறந்துவிடும் என்று பயப்பட வேண்டாம்; ஆண்டுதோறும் சட்டிக் கலப்பைக்குத் திரும்பினால்தான் அது நடக்கும். ஈரமண்ணில் உளி இழுப்பது மட்டும் வீண். மண் வெடிக்காது, வெண்ணெயில் கத்தி போனதுபோல் ஒரு கோடுதான் விழும்.

டீசலையும் சேர்த்துவிடலாம். ஒரு தடவை சட்டி ஓட்ட ஹெக்டேருக்கு 7 லிட்டர் என்றால் நான்கு தடவைக்கு 28 லிட்டர், சுமார் 75 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மண்ணில் சேரும் 0.3 டன் கரிமம் 1.1 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்பதால் டீசல் கணக்கு சிறியது. ஆனால் எரிக்காத டீசல் எரிக்காததுதான். அதை எந்தக் கலப்பையும் பின்னால் வந்து திறந்துவிட முடியாது. மண்ணில் சேர்ந்ததோ 20, 30 ஆண்டில் களிமண்ணின் கொள்ளளவுக்கு நெருங்கி மெதுவாகும், பேரன் மனம் மாறினால் வெளியேறவும் செய்யும்.

கரிம வரவு (கார்பன் கிரெடிட்) ஒப்பந்தத்தோடு யாராவது பண்ணை வாசலில் பக்கியை (சிறு சரக்கு வண்டியை) நிறுத்தினால் கேட்க வேண்டியவை அதிகமில்லை. எத்தனை செ.மீ. ஆழம், ஒரே ஆழமா ஒரே எடையா, கல்லைக் கழித்தார்களா, எந்தப் பட்டையில் மாதிரி எடுத்தார்கள், எத்தனை ஆண்டு உழக்கூடாது, இடையில் உளி இழுத்தால் அபராதமா. பதில்களைத் தாளில் வாங்கிக்கொண்டு, கையெழுத்துக்கு முன்பே உங்கள் சொந்தச் செலவில் ஒரு முறை மாதிரி எடுத்து, துளை போட்ட இடங்களின் ஜி.பி.எஸ். புள்ளிகளைக் குறித்து, சலித்த மண்ணில் அரைக் கிலோவைக் காற்றில் உலர்த்தி, மூடி இறுக்கிய கண்ணாடிப் புட்டியில் தேதி எழுதி வையுங்கள். பத்தாண்டு கழித்து இரண்டு தரப்பும் வேறு வேறு எண் சொல்லும்போது, அந்தப் புட்டியையும் புது மண்ணையும் ஒரே நாளில் ஒரே ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.